முதல் வார்த்தையைக் கேட்டவர்

எவர் இருவர் சண்டையிட்டாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "முத வார்த்தை எது?"

முந்திக் கை நீட்டியவர் யார், நியாயம் எவர் பக்கம் என்பவற்றை அவர் விசாரித்து நான் கண்டதில்லை. இரு கைகளையும் முதுகின் பின்னே கோத்துக்கொள்வார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு ஓசைக்குக் காத்திருப்பவர் போல நிற்பார். சொன்ன சொல்லுக்கு முந்தின சொல், அதற்கும் முந்தின சொல் என்று படிப்படியாகக் கீழிறங்கி, சண்டை பிறந்த இடத்திலுள்ள ஒற்றை வார்த்தையை வெளியே எடுத்துவிடுவார். எடுத்ததும், "அம்புட்டுத்தானா?" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரித்துவிடுவார்கள். சண்டையிட்டவர்களும் சிரித்துவிடுவார்கள்.

எம். புதுப்பட்டியை அடுத்த பட்டாசு ஆலை ஒன்றில் அவர் மேற்பார்வையாளர். எங்கள் பகுதியில் அப்பதவிக்குப் போர்மேன் என்று பெயர். "போர் நிறுத்துற மேன்" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரும் ஒன்று உண்டு. அதை இங்கே நான் எழுதப்போவதில்லை. காரணம் மரியாதை அன்று.

நான் அதே ஆலையின் பழைய பேப்பர் குடோனில் தாள் பிரிப்பவனாக இருந்தேன். பட்டாசுக்குழாய் உருட்டுவதற்குப் பழைய தாள் லோடு லோடாக வந்து இறங்கும். பரீட்சைத் தாள்கள், பஞ்சாங்கங்கள், கல்யாணப் பத்திரிகைகள், எங்கோ வடக்கே பிள்ளைகள் படித்துக் கிழித்த பாடப்புத்தகங்கள் எல்லாம் வரும். கனத்த தாள், மெல்லிய தாள் என்று பிரித்துக் கொடுப்பதே என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு அந்தக் குடோனே கல்விக்கூடம். கையில் வந்த ஒரு தாளையும் வாசிக்காமல் நான் கீழே வைத்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரவிருக்கும் ஒரு காரியத்துக்காகச் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்த காலம். ஒரு நாள் மதிய உணவு வேளையில் புதுப்பட்டிப் பெண் ஒருத்தியும் ஆனைக்குட்டத்துப் பெண் ஒருத்தியும் கொண்டையைப் பிடித்து உருண்டார்கள். போர்மேன் வந்து நின்றார்.

"அவ என்னய நாக்கு நீண்டவன்னா, அண்ணாச்சி!" என்றாள் புதுப்பட்டிக்காரி.

"சரி தாயி. அதுக்கு முந்தி நீ என்ன சொன்ன?"

"ஒங்க வீட்டுக் கொழம்ப நாயி மோந்து பாக்குமான்னு கேட்டேன்."

"நல்ல கேள்வி. அதுக்கு முந்தி?"

"எங்க ஊர்க்காரிகளுக்கு ஒலை வைக்கத் தெரியாதுன்னு இவ சொன்னா."

"அதுக்கும் முந்தி?"

ஆனைக்குட்டத்துக்காரி முந்தானையைச் சரிசெய்தாள். குரல் இறங்கியிருந்தது. "ஒங்க ஊருத் தண்ணி உப்புன்னேன்."

"உப்பு," என்றார் அவர். "அம்புட்டுத்தானா?"

"டேமைப் பக்கத்துல வச்சிருக்க திமிரு அண்ணாச்சி அவளுக்கு!" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி சொல்ல, அந்தப் பக்கமே சிரித்தது. கொண்டை அவிழ்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் முடிந்துவிட்டார்கள்.

அத்தோடு விடமாட்டார். அச்சு பிசகிய லேபிள் தாள்கள் ஆலையில் ஏராளமாகக் கிடக்கும். முன்பக்கம் சிங்கம், ராக்கெட், கன்னத்தில் குழி விழுந்த குழந்தை என்று வண்ணப் படம்; பின்பக்கம் வெறுமை. அந்த வெறுமையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்ன வார்த்தையால் மனத்தாங்கல் ஏற்பட்டது, இன்றோடு தீர்ந்தது என்று மணிமணியான கையெழுத்தில் எழுதுவார். உரக்க வாசித்துக் காட்டுவார். இருவரும் கையொப்பமோ கைநாட்டோ இடுவார்கள். பொறி பறக்கும் என்று இரும்பு ஆலைக்குள் கூடாது ஆகையால் குண்டூசி குத்தமாட்டார். மைதாப் பசை தடவி ஒரு பழைய நோட்டில் ஒட்டிவைப்பார். ஒட்டுவது பெரும்பாலும் என் கை. எவரும் அந்தத் தாளை வாங்கி வாசித்துப் பார்த்ததில்லை. அவர் எழுதி அவரே வாசித்தால் அது முடிந்த காரியம். வாங்கிப் பார்ப்பது அவரை அவமதிப்பதாகும் என்பது எங்களுக்குள் சொல்லாமலே ஏற்பட்டுவிட்ட வழக்கம்.

சண்டைகளுக்கு மட்டுமன்றி, சண்டையைக் குறிக்கும் சொற்களுக்கும் முதல் வார்த்தை எது என்று தேடும் பித்து அவருக்கு இருந்தது. அந்தப் பித்துக்குத் தீனி போட்டவன் நான். ஒரு லோடில் அட்டை கிழிந்த ஆங்கில அகராதி ஒன்று வந்தது. சொல்லின் பொருளோடு அதன் பிறப்பையும் கூறும் வகையைச் சேர்ந்தது. உருட்டும் பக்கத்துக்கு அனுப்ப மனம் வராமல் எடுத்து அவரிடம் கொடுத்தேன். எங்கள் இருவரின் ஆங்கிலத்தையும் கூட்டினாலும் ஒரு முழு ஆள் ஆங்கிலம் தேறாது. ஆயினும் மதியந்தோறும் குடோன் வாசலில் அமர்ந்து எழுத்தெழுத்தாய்க் கூட்டி வாசித்தோம்.

"பாரு தம்பி," என்றார் ஒரு நாள். "இங்கிலீஷ்காரன் சண்டைக்கு 'வார்'னு சொல்லுதான்ல, அது அவன் சொந்தச் சரக்கு இல்ல. பிரெஞ்சு நாட்டுப் பக்கமிருந்து கடன் வாங்கியிருக்கான். அங்கன போய்ப் பாத்தா, அவுகளும் பழைய ஜெர்மானியப் பேச்சுல இருந்து எடுத்திருக்காக. அங்கன அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? குழப்பம். நூல்கண்டு சிக்கலாகிப் போகும்ல, அது மாதிரி. வெட்டு குத்து எல்லாம் பெறகு வந்து சேந்ததுதான். முதல்ல வெறும் சிக்கல்."

"அம்புட்டுத்தானா?" என்றேன் நான். தம்முடைய சொல் தம்மிடமே திரும்பி வந்ததில் அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு.

நம்முடைய 'போர்' பொருதல் என்பதிலிருந்து வந்தது என்பார். பொருதலும் பொருந்துதலும் ஒரு வேர். நெருங்கியவர்கள்தாம் மோதிக்கொள்ள முடியும், எங்கோ இருப்பவனோடு எவனுக்குச் சண்டை என்பது அவர் விளக்கம். கலகம் வடசொல் என்று ஒரு பஞ்சாங்கத் தாளில் நான் கண்டு சொன்னபோது, கலங்குதலிலிருந்து வந்த நம் சொல்தான் என்று ஒரு வாரம் வாதாடினார். வீட்டில் தெலுங்கு பேசும் பெண்களிடம் கேட்டு 'கொடவ' என்று குறித்துக்கொண்டார். கேரளத்திலிருந்து ஆர்டர் எடுக்க வரும் ஏஜெண்டைப் பிடித்து நிறுத்தி, அவர்கள் சண்டையை வழக்கு என்பதைத் தெரிந்துகொண்டார். "நாம கோர்ட்டுக்குப் போனாத்தான் வழக்கு. அவுக அடுப்படியிலயே வழக்கு நடத்துதாக தம்பி!" என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அவருக்கு மிகவும் பிடித்த சொல் 'தகராறு'. அதன் பிறப்பைச் சொன்னவர் பழைய பேப்பர் கொண்டுவரும் பாய். அரபியிலே தோன்றி, பாரசீகமும் உருதுவும் கடந்து நம்மிடம் வந்த சொல் அது. அரபியில் அதற்குத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் என்றுதான் பொருள் என்றார் பாய். போர்மேன் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டார்.

"கேட்டியா தம்பி! ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னாலே அது தகராறு. அடிக்கவே வேண்டாம்!"

இத்தனை மொழிகளில் சண்டையின் வேரைத் தோண்டிய மனிதர் தம் வாழ்வில் ஒரு சண்டையும் போடமாட்டார், எவரையும் சண்டையில் மாட்டிவிடவும் மாட்டார் என்று நான் நம்பினேன். அறிவை நல்லொழுக்கம் என்று எண்ணுவது, தாமே கற்றவர்களிடம் உள்ள பேதைமை.

எச்சரிக்கை எனக்கு ஒருமுறை கிடைத்தது. என் ஊராகிய ஆமத்தூரைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் எங்கள் ஆலையில் லோடு ஏற்றுபவர்கள். அவர்களுக்குள் மனத்தாங்கல். 'இனித் தம்பி வீட்டில் கை நனைக்கமாட்டேன்' என்று அண்ணன் சொன்னதைப் போர்மேன் தாளில் எழுதிவிட்டார். உரக்க வாசிக்கும்போது அந்த ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்தார். இருவரும் கையொப்பமிட்டுத் தோளில் கைபோட்டுக்கொண்டு போனார்கள். தோளுக்குப் பின்னே நின்ற நான் கண்டுகொண்டேன்.

"எழுதுனது ஒண்ணு, வாசிச்சது ஒண்ணால்ல இருக்கு, அண்ணாச்சி?"

"தாளு கெடக்கட்டும் தம்பி. கையைப் பிடிச்சுட்டாகல்ல?"

எத்தனை பெரிய மனம் என்று வியந்தேன். பசை தடவி ஒட்டினேன்.

என் தங்கை முத்துமாரி கணவரை இழந்த பின் என் வீட்டோடு வந்துவிட்டவள். அதே ஆலையில் குழாய்களில் வெடிமருந்து செலுத்தும் அறையில் அவளுக்கு வேலை. எங்கள் அடுத்த தெருவைச் சேர்ந்த வேலுத்தாயும் அதே அறையில் இருந்தாள். காலையில் கம்பெனி வேன் வரும்போது இருவரும் ஒரே இருக்கையில் ஏறுவார்கள். மாலையில் ஒரே இருக்கையிலிருந்து இறங்குவார்கள். வேலுத்தாயின் தாயார் போடும் மோர்மிளகாய்க்கு எங்கள் தெருவரை பெயர். நாள்தோறும் அது மகளின் தூக்குச்சட்டியில் தனிச் சிறு டப்பாவில் வரும். திறந்ததும் டப்பாவை முத்துமாரியின் பக்கம் தள்ளிவிடுவது வேலுத்தாயின் வழக்கம். "ஒனக்கு வேண்டாமாட்டி?" என்றால், "பொறந்ததுல இருந்து இதத்தான திங்கேன்" என்பாள்.

புரட்டாசி மாதம். தீபாவளி ஆர்டர்கள் முதுகில் ஏறி நின்ற சீசன். ஒரு நாள் மாலை திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கலந்த மருந்து அன்றைக்கன்றே தீர வேண்டும், மிஞ்சினால் வேலை முடியும்போது குழியில் கொட்டி அழித்துவிட வேண்டும், இராத்தங்கவிடலாகாது. ஈரம் பட்ட மருந்து தனக்குள்ளே சூடேறும் என்பது எங்கள் பகுதியில் எவருக்கும் தெரியும். அன்று ஒரு தட்டு மிஞ்சியிருந்தது. மழையில் குழியருகே போக வழியில்லை. பெண்கள் என்ன செய்வது என்று போர்மேனைக் கேட்டார்கள்.

"மூடிவச்சிட்டு வேனப் பிடிங்க தாயி. காலையில முத வேலை அதுதான்," என்றார்.

மறுநாள் காலை முத்துமாரி தட்டின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடாக இருந்தது. வேலுத்தாயை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டுப் போர்மேனிடம் ஓடினாள். அவர் ஆலை கேட் அருகே லாரிக்கு லோடு பார்த்துக்கொண்டிருந்தார். "நீ முன்னால போ தாயி, பின்னாலயே வாரேன்," என்றார். அவள் திரும்பி வருவதற்குள் வேலுத்தாய், பக்கத்து அறைகளில் ஆட்கள் வந்து அமர்ந்துவிட்டதைக் கண்டு, தட்டை வெளியே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று உள்ளே போயிருக்கிறாள்.

குடோனில் இருந்த எனக்கு ஓசை கேட்டது. தரை அதிர்ந்து தாள்கள் சரிந்தன. ஓடிப்போய்ப் பார்த்தபோது வேலுத்தாயைத் தீயிலிருந்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு முத்துமாரி அருகே அமர்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் வெந்திருந்தன. வேலுத்தாய் அன்று மாலை வரை இருக்கவில்லை.

மூன்றாம் நாள் போர்மேன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முத்துமாரியின் கட்டிலருகே நின்று குலுங்கி அழுதார். கஞ்சியைத் தம் கையாலேயே ஊட்டினார். விசாரணைக்கு வருவார்கள், வாக்குமூலம் எழுதித் தர வேண்டும் என்றார்.

"முதல்ல இருந்து சொல்லு தாயி. நான் எழுதுதேன்."

அவள் சொன்னாள். மழை, மூடிவைத்த தட்டு, காலைச் சூடு, கேட்டருகே ஓடியது, ஒன்றையும் விடவில்லை. "நீங்க பின்னாலயே வாரேன்னீக அண்ணாச்சி" என்று அவள் சொன்னபோது அவர் பேனாவை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே எழுதினார். முடித்ததும் உரக்க வாசித்தார். முந்தைய நாள் மிஞ்சிய மருந்து மழை காரணமாக அழிக்கப்படாமல் இருந்ததும், தொழிலாளர் அதைத் தெரிவித்ததும் அந்த வாசிப்பில் இருந்தன. அருகிலிருந்த கட்டில்காரர்களும் கேட்டார்கள். முத்துமாரி தலையசைத்தாள். அவள் கைகளில் கட்டு இருந்ததால் அவளுக்காகத் தமையன் என்ற முறையில் நான் ஒப்பமிட வேண்டும் என்றார்.

அன்று அவர் எழுதியது லேபிள் தாளின் பின்பக்கத்தில் அல்ல. இரு பக்கமும் வெறுமையான புதிய வெள்ளைத் தாள். அது ஒன்றையாவது நான் யோசித்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையையும் கிழிந்த பஞ்சாங்கத்தையும் வாசிக்காமல் விடாத நான், என் தங்கையின் விதி எழுதியிருந்த தாளை வாசிக்கவில்லை. அழுது சிவந்த கண்களோடு எதிரே நிற்பவரிடம் கைநீட்டி, கொடுங்கள் பார்க்கிறேன் என்று எப்படிக் கேட்பது? கையொப்பமிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் வேலுத்தாயின் தாயார் எங்கள் தெருவுக்கு வந்தார். கையில் அந்தத் தாளின் ஜெராக்ஸ். எவரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். வீட்டு வாசலை மிதிக்காமல் நடுத்தெருவில் நின்றார்.

"ஏட்டி முத்துமாரி! வெளிய வா! எம் பிள்ள கூட என்னட்டி சண்ட போட்ட? தீப்பிடிக்கிற எடத்துல வச்சு என்னத்துக்குட்டி சண்ட போட்ட?"

கட்டுப் போட்ட கைகளோடு முத்துமாரி வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அந்தத் தாளை வாங்கி முதன்முறையாக வாசித்தேன்.

'காலை வேலை தொடங்கு முன் எனக்கும் மேற்படி வேலுத்தாய்க்கும் இடையே ஏற்பட்ட வாய்த்தகராறில் மருந்துத் தட்டு கைதவறிக் கீழே விழுந்ததால்' என்று மணிமணியான எழுத்தில் இருந்தது. மழை இல்லை. மிஞ்சிய மருந்து இல்லை. கேட்டருகே ஓடியது இல்லை. கடைசியில், 'வாசிக்கக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டேன்' என்று இருந்தது. அதன் கீழே என் கையொப்பம்.

"சண்டையே போடல அத்தே," என்று முத்துமாரி அழுதாள். "சத்தியமா போடல."

"ஒங்க அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்காம்லட்டி! போர்மேன் எழுதியிருக்காக. அவுக பொய் எழுதுவாகளா?"

தெருவில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவர் பொய் எழுதமாட்டார் என்று ஊரெல்லாம் சொன்னவர்களில் முதல்வன் நானல்லவா?

அன்று பிற்பகலே சிவகாசியில் அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அமர்ந்து, அச்சு பிசகிய லேபிள் தாள்களை ஓரம் வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கைகளைப் பின்னே கோத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன் அண்ணாச்சி. முத வார்த்தை எது?"

"எதுல தம்பி?"

"முத்துமாரிக்கும் வேலுத்தாய்க்கும் நடந்த தகராறுல. யாரு முதல்ல பேசுனா? என்ன சொன்னா?"

தலையைச் சாய்த்தபடி நெடுநேரம் நின்றார். எத்தனையோ பேர் அவர் முன் நின்றது போல, அன்று அவர் என் முன் நின்றார். கிணற்றுக்குள்ளிருந்து ஓசையே வரவில்லை.

"கம்பெனியப் பூட்டிருவாக தம்பி," என்றார் கடைசியில். "அம்புட்டுச் சனமும் எங்கன போகும்? என்னைய உள்ள தள்ளிருவாக. கட்டிக்குடுக்க ஒரு பொண்ணு இருக்கா. செத்தவ திரும்பி வரப்போறதில்ல."

"அதுக்கு எந் தங்கச்சிதான் கெடச்சாளா?"

அவர் சொன்ன மறுமொழியை, சொன்னபடியே எழுதுகிறேன்.

"வேற யாரு தம்பி, வாசிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடுவா?"

குரலில் கொடுமை இல்லை. ஒரு சொல்லின் பிறப்பை விளக்குவது போலவே சொன்னார். அந்த வரியைத்தான் என்னால் இன்றளவும் செரிக்க முடியவில்லை. அவர் அகப்பட்டுக்கொண்டு தவித்தபோது கையில் கிடைத்த கருவி என் தங்கை அன்று. அவர்மேல் நான் கொண்டிருந்த நம்பிக்கை.

தாளை மாற்ற வேண்டாம் என்றேன். விசாரணை எப்படியும் போகட்டும், உங்கள் வேலையும் உங்களுக்கே இருக்கட்டும். வேலுத்தாயின் தாயாரிடம் மட்டும் வந்து, இருவரும் சண்டை போடவில்லை என்று ஒரு வார்த்தை உங்கள் வாயால் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவர் நம்புவார். வேறு எவர் சொன்னாலும் நம்பமாட்டார்.

"வெள்ளிக்கிழமை வாரேன் தம்பி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "கட்டாயம் வாரேன்."

வேலுத்தாயின் தாயாரிடம் போய்ச் சொன்னேன். வெள்ளிக்கிழமை அவர் வாசல் தெளித்து, உட்கார நாற்காலி ஒன்று இரவல் வாங்கிப் போட்டிருந்தார். நானும் முத்துமாரியும் தெருமுனையில் நின்றோம். மதியம் ஆயிற்று. நாற்காலியில் வெயில் ஏறி இறங்கிற்று. பொழுது சாயும்போது அந்த அம்மாள் எழுந்து வந்தார்.

"பாத்தியாய்யா? வரமாட்டாக. பொய் சொல்லச் சொல்லி நீ கூப்புட்டா அந்த மனுசன் எப்பிடி வருவாக?"

அவர் வராமற்போனதும் அவருடைய நேர்மைக்கே சான்றாயிற்று.

அடுத்த மாதம் அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வேறு மாவட்டத்தில் வேறு ஆலை என்றார் ஒருவர்; மகன் வீடு என்றார் ஒருவர். போகுமுன் அந்த அகராதியை வாட்ச்மேனிடம் கொடுத்து என்னிடம் சேர்க்கச் சொல்லியிருந்தார். உள்ளே ஒரு சீட்டாவது இருக்கும் என்று தாள் தாளாகப் புரட்டினேன். பென்சிலால் அவர் கோடிட்ட சொற்கள் மட்டுமே இருந்தன. மெல்லிய தாள் கட்டோடு சேர்த்து உருட்டும் பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன். அந்த ஆண்டோ மறு ஆண்டோ, ஏதோ ஓர் ஊரில் எவரோ திரி கிள்ளிப் பற்றவைத்துக் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். அத்தனை மொழிகளின் சண்டைகளும் தெருவில் சிதறிக் காலையில் கூட்டிப் பெருக்கப்பட்டிருக்கும்.

ஆண்டுதோறும் வேலுத்தாய் இறந்த நாளில் முத்துமாரி பூ வாங்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போவாள். நானும் துணைக்குப் போவேன். கதவு சாத்தியே இருக்கும். பூவை வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவோம். மூன்று ஆண்டுகள் இப்படியே போயின.

நான்காம் ஆண்டு கதவு திறந்திருந்தது. அந்த அம்மாள் வெகுவாக இளைத்துப்போய் நிலைப்படியில் அமர்ந்திருந்தார். அழைக்கவில்லை, விரட்டவும் இல்லை. முத்துமாரியின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல்கள் மடங்கி ஒட்டிக்கொண்ட கைகள் அவை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போட்டி," என்றார். "நான் திட்டமாட்டேன். சண்டையில முதல்ல என்ன பேச்சு வந்துச்சு? எதுக்கு ரெண்டு பேரும் போட்டீக? அதத் தெரியாம எனக்குத் தொண்டையில சோறு எறங்க மாட்டேங்கு. ராவும் பகலும் அதையேதான் யோசிக்கேன்."

சண்டை போடவில்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். எத்தனையாவது முறை என்று தெரியாது. முத்துமாரி என்னை முந்திக்கொண்டாள்.

"மோர்மிளகா, அத்தே."

அந்த அம்மாள் நிமிர்ந்தார்.

"நீங்க போட்டுக் குடுப்பீகள்ல? முந்தின நாள் மதியம் அவ எனக்கு ரெண்டு வச்சா, தனக்கு மூணு வச்சுக்கிட்டா. அதச் சொல்லிக் காலையில வம்பிழுத்தேன். கூட ஒண்ணு வச்சா கொறஞ்சா போவன்னு கேட்டேன். அதுதான் முத வார்த்தை. நான்தான் ஆரம்பிச்சேன், அத்தே."

"மோர்மிளகாயா?"

"ஆமா."

"நான் போட்ட மோர்மிளகாயா?"

"ஆமா, அத்தே."

அந்த முதிய முகத்தில் என்னவெல்லாமோ வந்து போயிற்று.

"அம்புட்டுத்தானா?" என்றார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சொல்லைக் கேட்கிறேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "கழுதைகளா, எங்கிட்டச் சொல்லியிருந்தா ஆளுக்கொரு டப்பா போட்டுக் குடுத்திருப்பேனேட்டி" என்று முத்துமாரியின் மடங்கிய கைகளைப் பிடித்துத் தம் நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய், பழைய தாளில் ஒரு பொட்டலம் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பும் வழியில் பொட்டலத்தை முத்துமாரி இரண்டு புறங்கைகளுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்திருந்தாள். எங்கள் தெருமுனை திரும்பும்போது என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவ ஒரு நாளும் எண்ணி வச்சதே இல்லண்ணே. டப்பாவையே எம் பக்கம் தள்ளிருவா."

எனக்குத் தெரியும் என்றேன். நான் வாசிக்காமல் இட்ட கையொப்பம் அன்றுதான் செல்லுபடியாயிற்று.